பொறுத்துப் போகத் தகாத நோவு

பொறுத்தார் பூமியாள்வார் என்பது நம் முன்னோர் மொழி. அப்பொறுமையை ஆடவரினும் பெண்டிரிடத்தே மிகுதியாக எதிர்பார்ப்பது நமது சமுதாயத்தின் வழக்கம். பசியைப் பொறுத்தாள், வறுமையைப் பொறுத்தாள், பிறர் கூறிய சுடுசொல்லைப் பொறுத்தாள் என்று ஒரு பெண்ணை வாயாரப் புகழ்கின்றோம். பொறுமை நற்குணமே, அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் பொறுத்துக்கொள்வதனாற் குணமாகாத நோய்களும் உண்டு. அவற்றையும் பொறுத்துக்கொள் என்று ஒரு பெண்ணுக்கு அறிவுரை கூறுவது அறமாகாது. அத்தகைய நோயொன்றினைப் பற்றியே இவ்வாரம் குடும்பத்தினர் யாவருடனும், சிறப்பாகத் தாய்மாருடனும் உயர்வகுப்பு மாணவியருடனும், சில வார்த்தைகள் பேச விரும்புகின்றோம்.

நாம் வைத்தியரல்லர்; தமிழ் கற்பிக்கும் ஆசிரியர். பெண்களின் நோயைப் பற்றி ஆசிரியரொருவர் எழுதுவதேன் என்று வாசகர்கள் வினவக்கூடும். எம்மை எழுதத் தூண்டியது எமது தவறொன்றேயாம். அதனை முதலிற் சொல்லிவிடுகின்றோம்.

இடாப்பிற் கண்ட பூச்சியங்கள்

சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது உயர்தர வகுப்பிலே ஒரு மாணவி பயின்றாள். கட்டுரை எழுதுவதில் வல்லவள். இலக்கண வினாவென்றால் முதலிற் கையுயர்த்துபவள். ஆனால் மாதந்தோறும் இரண்டு மூன்று நாட்கள் வகுப்பிற்கு வாராள். காரணம் வினவினால், "வயிற்றுக்குத்து, சேர்" என்று நிலத்தை நோக்கியபடி விடை கூறுவாள். ஒருமுறை சொன்னாற் சரி. ஒவ்வொரு மாதமும் இதே விடைதானா என்று எமக்குச் சலிப்புண்டாயிற்று. தவணை அறிக்கையிலே, "வரவு ஒழுங்கில்லை, முயற்சி போதாது" என்று எழுதிக் கையொப்பமிட்டோம்.

பின்னொரு நாள் இரவு, வகுப்பு இடாப்பினை வீட்டிலே வைத்து வரவுக் கணக்கினைக் கூட்டிக்கொண்டிருந்தோம். தேநீர் கொணர்ந்து வைத்த எமது இல்லாள், சிவப்பு மையில் இடப்பட்டிருந்த பூச்சியங்களைச் சற்று நேரம் உற்றுநோக்கினார். "இஞ்சேருங்கோ, இந்தப் பிள்ளை கள்ளத்துக்கு நிக்கேல்லை. திகதியளைப் பாருங்கோ, நாலு கிழமைக்கு ஒருக்கா வருது. என்ன வருத்தம் எண்டு ஆரும் கேட்டனீங்களோ?" என்றார். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இடாப்பு எழுதிவந்த எமது கண்ணுக்குத் தோன்றாத உண்மை, அவருடைய கண்ணுக்கு அரை நிமிடத்திற் புலனாயிற்று.

மறுநாள் பெண் ஆசிரியை ஒருவரைக்கொண்டு அம்மாணவியின் தாயாரை அழைப்பித்தோம். அவ்வம்மையார் சொன்னவை இவை: "எனக்கும் இப்பிடித்தான் இருந்தது, ரீச்சர். அம்மாவும் பொறு எண்டுதான் சொன்னவ. ஒரு பிள்ளை பிறந்தாச் சரியாகும் எண்டு எல்லாரும் சொன்னவை." அந்த ஒரு பிள்ளை பிறந்ததோ திருமணமாகி ஏழு ஆண்டுகளின் பின்னராம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கும் மகளைப் பார்த்து மனம் நொந்தபோதும், இதுவே பெண்பிறவியின் இயற்கையென்று அத்தாய் உண்மையாகவே நம்பியிருந்தார். அவ்வாண்டு நடந்த பரீட்சையில் ஒரு பாடத்தின் வினாத்தாளை அம்மாணவியால் எழுதி முடிக்க இயலவில்லை. அந்த நாளும் அவளுடைய நோவு நாளாக அமைந்துவிட்டது.

அதன் பின்னரே அவளை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றனர். பெண்நோயியல் நிபுணர் அவள் கூறியவற்றைப் பொறுமையுடன் கேட்டார். ஸ்கான் பரிசோதனை செய்வித்தார். நோய்க்கு ஒரு பெயர் கூறினார். ஐந்தாண்டுகளாகப் பெயரின்றி இருந்த வேதனைக்கு அன்றுதான் பெயர் கிடைத்தது. அம்மாணவியின் இசைவுடனேயே, பெயர் கூறாது, இதனை இங்கு எழுதுகின்றோம்.

நோயின் பெயரும் இயல்பும்

வைத்தியர்கள் இந்நோயினை எண்டோமெற்றியோசிஸ் என அழைப்பர். 'எண்டோ' என்பது உள்ளே எனவும், 'மெற்றா' என்பது கருப்பை எனவும் பொருள்படும் கிரேக்கச் சொற்கள். தமிழிற் கருப்பை அகப்படல நோய் எனலாம். இக்கட்டுரையில் அகப்படல நோய் என்று சுருக்கிக் கூறுவோம்.

கருப்பையின் உட்புறத்தை ஒரு மெல்லிய படலம் போர்த்திருக்கின்றது. சூலகங்கள் சுரக்கும் ஈஸ்ட்ரஜன் என்னும் ஓமோனின் ஏவலால் அப்படலம் மாதந்தோறும் தடிக்கின்றது. கரு தங்காவிடின் அது உரிந்து குருதியுடன் வெளியேறுகின்றது. இதுவே மாதவிடாய். அகப்படல நோயிலோ, அப்படலத்தை ஒத்த இழையம் கருப்பைக்கு வெளியே, இருக்கத் தகாத இடங்களில் வளர்கின்றது. சூலகங்களின் மீதும், கருப்பையின் பின்புறத்திலும், இடுப்புக் குழியின் உட்சுவரிலும், சில வேளைகளிற் குடலின் மீதும் சிறுநீர்ப்பையின் மீதும் அது காணப்படும்.

முற்றமுள்ள வீடுகளை அறிந்தவர்களுக்கு ஓர் உவமை கூறுவோம். முற்றத்தில் விழும் மழைநீர் வாய்க்கால் வழியே ஓடி வெளியேறிவிடும். அதனால் வீட்டிற்குத் தீங்கில்லை. அதே மழை கூரையின் பொத்தல் வழியாக அறைக்குள் ஒழுகுமாயின் வெளியேற வழியின்றித் தேங்கும், சுவரை ஊறச்செய்யும், பூச்சினை உதிர்க்கும். இடம்மாறி வளர்ந்த இழையமும் அத்தகையதே. மாதவிடாய்க் காலத்தில் அதுவும் வீங்கிக் குருதி கசியும். ஆனால் அக்குருதிக்கு வாய்க்கால் இல்லை. சுற்றியுள்ள பகுதிகள் அழற்சியுற்றுச் சிவக்கின்றன. நாளடைவில் தழும்புகள் உண்டாகிச் சூலகம், குடல், கருப்பை ஆகியவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் கூடும். சூலகத்தினுள் பழைய குருதி தேங்கிக் கட்டியாவதும் உண்டு. கபில நிறமான தடித்த பாயம் நிறைந்திருப்பதனால் அதனைச் சொக்கிலேற்றுக் கட்டி என வைத்தியர்கள் குறிப்பிடுவர். இது புற்றுநோயன்று, தொற்றுநோயுமன்று.

இந்நோய் அரியதோவெனின், அன்று. இனவிருத்தி வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பேருக்கு, அஃதாவது உலகெங்கும் சுமார் 19 கோடிப் பேருக்கு, இந்நோய் உண்டென உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டிற் குறிப்பிட்டது. பெண்கள் 30 பேர் கூடியிருக்கும் ஓரிடத்தில் ஏறத்தாழ மூவர் இதனைச் சுமந்துகொண்டிருக்கின்றனர். நீரிழிவைப் பற்றிப் பேசாத குடும்பம் நம்மிடையே இல்லை. இதனைப் பற்றிப் பேசும் குடும்பமோ ஒன்றேனும் உண்டோ?

காரணம் யாது?

அமெரிக்க நாட்டில் அல்பனி என்னும் நகரிற் பணியாற்றிய ஜோன் சாம்ப்சன் என்னும் சத்திரசிகிச்சை வைத்தியர் 1921ஆம் ஆண்டிற் சூலகத்திலுண்டாகும் சொக்கிலேற்றுக் கட்டிகளை விரிவாக ஆராய்ந்து எழுதினார். 1927இல் அவர் ஒரு கொள்கையை முன்வைத்தார். மாதவிடாய்க் குருதியின் ஒரு பகுதி கீழ்நோக்கி வெளியேறாது, பலோப்பியன் குழாய்களின் வழியே பின்னோக்கிச் சென்று வயிற்றறையில் விழுகின்றது. அதிலுள்ள கலங்கள் அங்கே வேரூன்றி வளர்கின்றன என்பது அவர் கருத்து. நூறாண்டுகள் ஆகியும் அக்கொள்கை இன்னும் பெரிதும் மதிக்கப்படுகின்றது. எனினும் இவ்வாறு பின்னோக்கிச் செல்லுதல் மிகப் பெரும்பாலான பெண்களில் நிகழ்கின்றது என்பது பின்னர் அறியப்பட்டது. அவ்வாறாயின் ஒரு சிலருக்கு மாத்திரம் நோயாவதேன்? உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலிலுள்ள வேறுபாடும், பரம்பரையும், ஓமோன்களின் இயக்கமும் ஒருங்கு சேர்ந்தே இதனை விளைவிக்கின்றன எனக் கருதுகின்றனர்.

பரம்பரையின் பங்கு இப்பொழுது நன்கு தெளிவாகியுள்ளது. 60,000இற்கு மேற்பட்ட நோயாளரின் மரபணுக்களை ஆராய்ந்து, இந்நோயுடன் தொடர்புடைய 42 இடங்களை 2023ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக்குழு வெளியிட்டது. தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இந்நோய் இருப்பின், ஒரு பெண்ணுக்கு அது வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே "எனக்கும் இப்பிடித்தான் இருந்தது" என்று ஒரு தாய் கூறுவது ஆறுதலுக்குரிய வார்த்தையன்று. வைத்தியரிடம் முதலிற் சொல்ல வேண்டிய செய்தியாகும். குளிர்ந்த நீரில் முழுகியதனாலோ, புளி உண்டதனாலோ, சாமத்தியப்பட்ட காலத்தில் நல்லெண்ணெயும் உழுத்தங்களியும் போதிய அளவு கொடாமையாலோ இந்நோய் வருவதில்லை. எந்தத் தாயும் தன்னை நொந்துகொள்ளவேண்டியதில்லை.

ஓர் எழுத்தாளர் இழந்தவை

இந்நோயைக் கண்டறியத் தாமதித்தால் யாது நேரும் என்பதற்கு ஆங்கில எழுத்தாளர் ஹிலரி மன்ரெல் அம்மையாரின் வாழ்க்கை சான்று பகர்கின்றது. 1952ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் பிறந்த அவர், பல்கலைக்கழகத்திற் சட்டம் பயின்ற இளம்பருவத்திலேயே கடும் நோவினால் வருந்தினார். வைத்தியர்கள் உடலில் நோயைத் தேடாது உள்ளத்திலே தேடினர். மனநோய்க்குரிய மருந்துகளைக் கொடுத்தனர். பின்னர் கணவருடன் ஆபிரிக்காவிலுள்ள பொற்சுவானா நாட்டில் வாழ்ந்த காலத்தில், வைத்திய நூலொன்றினைத் தாமே படித்துத் தமது நோய் இன்னதென அவர் கண்டுகொண்டார். 1979ஆம் ஆண்டின் இறுதியில், தமது 27ஆவது வயதில், இலண்டன் வைத்தியசாலையொன்றில் அவருக்குச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. நோய் மிக முற்றியிருந்தமையாற் கருப்பையையும் சூலகங்களையும் அகற்ற நேர்ந்தது. பிள்ளைப்பேறு என்னும் வாயில் அன்றே அடைபட்டது.

அவ்வம்மையார் மனந்தளராது எழுதினார். 2009இலும் 2012இலும் புக்கர் பரிசினை இருமுறை பெற்ற முதற் பெண்மணி என்னும் புகழை எய்தினார். 2003இல் வெளியான தமது நினைவு நூலில் இந்நோயின் கதையை ஒளிக்காது எழுதிவைத்தார். 2022இற் காலமானார். கல்வியும் சொல்வன்மையும் நிரம்பப் பெற்ற ஒருவரே தமது நோவினைப் பிறர் நம்பச் செய்ய இயலாது இத்தனை ஆண்டுகள் அலைந்தாரெனின், பதினாறு வயதுப் பள்ளிச் சிறுமி நிலத்தை நோக்கியபடி "வயிற்றுக்குத்து" என்று சொல்வதற்கு மேல் யாது சொல்வாள்?

அவருடைய காலத்தோடு இத்தாமதம் தீர்ந்துவிட்டதென எண்ணற்க. பிரித்தானியப் பாராளுமன்றத்தின் அனைத்துக் கட்சிக் குழுவொன்று 2020ஆம் ஆண்டில் 10,000இற்கு மேற்பட்டோரை வினவி ஆராய்ந்தது. நோவு தொடங்கிய நாள்முதல் நோயின் பெயரை அறியும் நாள்வரை அவர்கள் காத்திருந்த காலம் சராசரி 8 ஆண்டுகள். பன்னிரண்டு வயதில் நோவு தொடங்கினால் இருபது வயதிலேயே பெயர் தெரியவரும். கல்வியின் பொற்காலம் முழுவதும் அதனுள் அடங்கிவிடுகின்றது.

எது இயல்பு? எது நோய்?

மாதவிடாய்க் காலத்தில் ஓரளவு வயிற்றுநோ உண்டாதல் இயல்பே. அப்பொழுது கருப்பையிற் புரொஸ்தாகிளாந்தின் என்னும் பொருள்கள் சுரந்து, அதன் தசையைச் சுருங்கச் செய்கின்றன. முதல் நாளும் இரண்டாம் நாளும் நோவு தோன்றி, வெந்நீர் ஒத்தடத்தினாலோ வைத்தியர் கூறிய நோவு மாத்திரையினாலோ தணிந்து, அன்றாட வேலைகளைத் தடைசெய்யாதிருப்பின் அஞ்ச வேண்டியதில்லை.

ஆனாற் பின்வரும் அடையாளங்கள் காணப்படின், அதனை இயல்பென்று விட்டுவிடலாகாது. நோவினால் மாதந்தோறும் பாடசாலைக்கோ வேலைக்கோ செல்ல இயலாமை. மாத்திரை உண்டும் தணியாமை. மாதவிடாய்க்குச் சில நாட்கள் முன்னரே நோவு தொடங்கி, பின்னரும் நீடித்தல். அந்நாட்களில் மலங்கழிக்கும்போதோ சிறுநீர் கழிக்கும்போதோ நோவுண்டாதல். நாரியிலும் தொடையிலும் நோவு பரவுதல். ஓய்வெடுத்தும் தீராத களைப்பு. மணமான பெண்களுக்குத் தாம்பத்திய உறவின்போது உள்ளாழத்தில் நோவு. ஓராண்டு முயன்றும் கருத்தரியாமை. இவற்றுள் ஒன்றிரண்டு இருப்பினும் வைத்தியரை நாட வேண்டும். நோவின் கடுமைக்கும் நோயின் பரப்புக்கும் நேரான தொடர்பில்லை என்பதையும் அறிதல் நன்று. சிறிதளவு நோயுள்ள ஒருத்தி துடிதுடிப்பாள். பெரிதும் பரவிய ஒருத்திக்கு நோவே தோன்றாது, பிள்ளையில்லையென்று வைத்தியரிடம் சென்றபோதே நோய் வெளிப்படும். ஆகவே, "அவளும் பெண்தானே, அவள் தாங்கவில்லையா?" என்று ஒருத்தியை மற்றொருத்தியோடு ஒப்பிடுவது பொருந்தாது.

திடீரெனத் தாங்கொணா நோவு தோன்றி மயக்கமோ காய்ச்சலோ உண்டாயினும், கருத்தரித்திருக்கக்கூடிய பெண்ணுக்கு அடிவயிற்றிற் கடும் நோவு வரினும், நாட்குறிப்பு எழுதிக்கொண்டிராது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அவை வேறு காரணங்களாலும் நேரலாம்.

வைத்தியரிடம் செல்லுமுன்

இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தில் எழுதிவருதல் பெரும் பயன் தரும். மாதவிடாய் தொடங்கிய திகதி, முடிந்த திகதி, நோவு தோன்றிய நாட்கள், அது உடலில் எவ்விடத்தில், பூச்சியம் முதற் பத்து வரையான அளவில் எத்துணைக் கடுமை, உண்ட மாத்திரை, அதனால் தணிந்ததா இல்லையா, பாடசாலைக்குச் செல்லாத நாட்கள் ஆகியவற்றைக் குறித்தாற் போதும். கூட்டமிகுந்த கிளினிக்கிலே, கூச்சத்தினால் வாயெழாது நிற்கும் பெண்ணுக்கு அப்புத்தகம் வாயாக உதவும். எமது மாணவி கொண்டுசென்றதும் பழைய அப்பியாசக் கொப்பியில் எழுதிய இரண்டு பக்கங்களேயாம்.

வைத்தியர் முதலில் வரலாற்றைக் கேட்பார், வயிற்றைப் பரிசோதிப்பார், ஸ்கான் செய்விப்பார். மணமாகாத பெண்களுக்கு வயிற்றின் மேலாகவே ஸ்கான் செய்யும் வழக்கமுண்டு, அஞ்சவேண்டியதில்லை. சூலகக் கட்டியை ஸ்கான் நன்கு காட்டும். ஆனால் மேற்படையாகப் பரவியுள்ள சிறு புள்ளிகளைக் காட்டாது. எனவே ஸ்கானில் ஒன்றுமில்லை என்பதனால் நோவே இல்லை என்று முடிவுகட்டுதல் தவறு. கொப்பூழின் அருகே சிறு துளையிட்டுக் குழாய்க் கருவியினால் உள்ளே நோக்கும் லப்பரொஸ்கொப்பி முறையே நெடுங்காலம் உறுதியான சோதனையாகக் கருதப்பட்டது. ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியற் சங்கம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி அந்நிலையை மாற்றியது. அறிகுறிகளைக் கொண்டே சிகிச்சையைத் தொடங்கலாமெனவும், ஸ்கானில் ஒன்றும் புலப்படாதபோதோ மருந்து பயன்தராதபோதோ, மருந்து பொருந்தாதபோதோ லப்பரொஸ்கொப்பியை நாடலாமெனவும் அது கூறுகின்றது. சிகிச்சை பெறுதற்குக் கத்தி வைத்தே ஆகவேண்டும் என்ற அச்சம் இதனால் நீங்குகின்றது.

சிகிச்சை வழிகள்

இந்நோயை வேரோடு அகற்றும் மருந்து இன்றுவரை இல்லை என்பதை ஒளிக்காது சொல்லவேண்டும். ஆயினும் நோயை அடக்கி, நோவைத் தணித்து, இயல்பான வாழ்வு வாழச் செய்யும் வழிகள் பல உண்டு.

முதலாவது, நோவு மாத்திரைகள். மெபெனமிக் அமிலம், இபுபுரோபென் முதலியன முன்னர்க் கூறிய புரொஸ்தாகிளாந்தின் சுரப்பைத் தடுப்பவை. நோவு உச்சமடைந்த பின்னர் உண்பதிலும், தொடங்கும்போதே உண்டாற் பயன் மிகும். வெறுவயிற்றில் உண்ணலாகாது. குடற்புண், சிறுநீரக நோய், ஆஸ்துமா உடையோர் வைத்தியரைக் கேளாது உண்ணலாகாது.

இரண்டாவது, ஓமோன் சிகிச்சை. மாதாந்தம் படலம் தடிப்பதையும் உரிவதையும் அடக்கினால், இடம்மாறிய இழையமும் அடங்கும் என்பதே இதன் அடிப்படை. டயனோஜெஸ்ட், நோரெதிஸ்தரோன் முதலிய புரொஜெஸ்தரோன் வகை மருந்துகள், ஊசி மருந்து, கருப்பையினுள் வைக்கும் ஓமோன் சாதனம், இருவகை ஓமோன்களும் கலந்த மாத்திரை என இது பலவகைப்படும். இவற்றிலும் அடங்காத நோய்க்குச் சூலகங்களையே சில காலம் உறங்கச்செய்யும் மருந்துகளும் உண்டு. அவை எலும்பின் வலிமையைக் குறைக்கக்கூடுமாதலின் கண்காணிப்புடனேயே கொடுக்கப்படும்.

இவ்விடத்தில் தாய்மாரிடம் ஒரு வேண்டுகோள். வைத்தியர் எழுதிக்கொடுத்த மாத்திரை கருத்தடை மாத்திரையென்று அறிந்ததும், "குமர்ப்பிள்ளைக்கு இதைக் கொடுப்பதா? ஊர் என்ன சொல்லும்?" என்று பதறி அதனைக் குப்பையில் எறிந்தோர் உளர். ஒரே கத்தி வாழைக்காயும் நறுக்கும், கயிறும் அறுக்கும். இங்கே அம்மாத்திரை நோய் தீர்க்கும் மருந்து. அதனால் எதிர்காலத்திற் பிள்ளைப்பேறு அற்றுப்போகும் என்பதும் உண்மையன்று. பொதுவாக மாத்திரையை நிறுத்தியபின் கருத்தரிக்கும் இயல்பு மீண்டுவிடும். ஊசி மருந்திற்கு மாத்திரம் சில மாதங்கள் செல்லக்கூடும். குருதிக்கட்டு நோய், உயர் குருதியமுக்கம், கண்முன் ஒளி மின்னி வரும் ஒற்றைத் தலைவலி ஆகியவை இருப்பின் அதனை வைத்தியரிடம் தவறாது கூறல் வேண்டும். மாத்திரையின் வகையை அவர் மாற்றிக்கொடுப்பார்.

மூன்றாவது, சத்திரசிகிச்சை. குழாய்க் கருவியின் துணைகொண்டு கட்டியையும் இடம்மாறிய இழையத்தையும் அகற்றுவர். பலருக்கு நோவு வெகுவாகக் குறையும். எனினும் சில ஆண்டுகளில் நோய் மீண்டும் தோன்றலாம். சூலகக் கட்டியை அகற்றுங்கால் நல்ல முட்டைகளும் ஓரளவு குறையக்கூடும். ஆதலின் பிள்ளைப்பேற்றை விரும்புவோர் எப்பொழுது, எவ்வளவு என்பதை நிபுணருடன் நன்கு கலந்து முடிவு செய்தல் வேண்டும். கருப்பையை அகற்றிவிட்டால் யாவும் தீர்ந்துவிடும் என்பதும் உறுதியன்று. நோய் கருப்பைக்கு வெளியே அன்றோ இருக்கின்றது!

பரியாரியாரிடம் செல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதனை நாம் இகழவில்லை. ஆனால் உண்ணும் கசாயத்தையும் குளிகையையும் நிபுணரிடம் மறைக்கலாகாது. பெயரறியாத நோவிற்கு மருந்து மாற்றி மருந்துண்டு ஆண்டுகளைக் கழித்தலும் ஆகாது.

கலியாணப் பேச்சும் பிள்ளைப்பேறும்

நோயின் பெயரைக் கேட்டதும் நம் குடும்பங்களில் எழும் முதற் கவலை, "இது வெளியில் தெரிந்தாற் கலியாணம் நடக்குமா?" என்பதே. அக்கவலையினாலேயே எத்தனையோ பெண்களின் நோய் பூட்டிய பெட்டிக்குள் வைக்கப்படுகின்றது. "கட்டிக் கொடுத்தாற் சரியாகும்" என்ற மறுபுறத் தவறும் உண்டு. திருமணம் மருந்தன்று. கருவுற்றிருக்கும் காலத்திற் சிலருக்கு நோவு தணியலாம். பின்னர் அது மீளவும் கூடும். நோயைத் தீர்க்கும் பொருட்டுக் கருத்தரிக்குமாறு பெண்களுக்குக் கூறலாகாது என்பதை மேற்சொன்ன 2022ஆம் ஆண்டு வழிகாட்டியும் வலியுறுத்துகின்றது.

இந்நோயுள்ளோரில் நூற்றுக்கு 30 முதல் 50 பேர் வரை கருத்தரிப்பதில் இடர்ப்படுவர் என மதிப்பிடுகின்றனர். ஏனையோர் இயல்பாகவே தாயாகின்றனர். இடர்ப்படுவோரிலும் பலர் சிகிச்சையினால் தாயாகின்றனர். சென்னையிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்துவரும் சமையற்கலை எழுத்தாளர் பத்மா லக்ஷ்மி இதற்கோர் எடுத்துக்காட்டு. 13ஆவது வயது முதல் நோவினால் வருந்திய அவருக்கு 36ஆவது வயதிலேயே நோயின் பெயர் தெரியவந்தது. 2009இல் அவரும் ஒரு சத்திரசிகிச்சை நிபுணரும் சேர்ந்து இந்நோய் பற்றிய அறிவைப் பரப்ப அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். 2010இல் அவர் ஒரு பெண்மகவை ஈன்றார். வேளையோடு அறிந்து சிகிச்சை பெறும் பெண் எதிர்காலத்தைத் திட்டமிட்டு நடத்தலாம். மறைத்துவைத்த நோயே பின்னர் இரு குடும்பங்களுக்கும் கண்ணீரைத் தருகின்றது.

வீட்டிலும் பாடசாலையிலும்

வீட்டார் செய்யத்தக்கவை எளியனவே. அந்நாட்களில் வெந்நீர்ப் போத்தலைத் துணியிற் சுற்றி அடிவயிற்றில் வைக்கலாம். ஏனைய நாட்களில் நடைப்பயிற்சியும் போதிய உறக்கமும் நன்மை தரும். குருதி மிகுதியாகப் போகும் பெண்ணுக்கு முருங்கையிலை, பயறு, மீன் முதலியவற்றைத் தாராளமாகக் கொடுக்கலாம். இவை துணையேயன்றி மருந்துக்கு மாற்றல்ல. மேலாக, "நடிக்கிறாள்", "வேலைக் கள்ளி" என்ற சொற்களை நாவினின்றும் அகற்ற வேண்டும். தந்தையரும் தமையன்மாரும் இதனைப் பெண்களின் பேச்சென்று ஒதுங்கிநிற்றல் முறையன்று. நள்ளிரவில் முச்சக்கர வண்டி பிடிப்பவரும், வைத்தியசாலையிற் காத்துநிற்பவரும் அவர்களேயல்லரோ?

பாடசாலைகளுக்கும் கடமையுண்டு. வகுப்பாசிரியர் இடாப்பினைக் கூட்டும்போது எத்தனை நாள் என்பதை மாத்திரமன்றி, எந்தெந்த நாள் என்பதையும் நோக்கவேண்டும். மாணவியர் நாடிப் பேசத்தக்க ஆசிரியை ஒருவரேனும் ஒவ்வொரு பாடசாலையிலும் இருத்தல் நன்று. படுத்து ஆறுதற்கு ஓர் அறையும், ஒரு வெந்நீர்ப் போத்தலும் பெருஞ்செலவன்று. மேற்கொண்டு யாரிடம் செல்வதெனத் தெரியாதோர் தமது பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரை வினவலாம். அரசாங்கப் போதனா வைத்தியசாலைகளில் பெண்நோயியற் கிளினிக்குகள் இலவசமாக நடைபெறுகின்றன.

எமது மாணவியின் கதையை முடித்துவிடுவோம். மருந்து தொடங்கி நாலைந்து மாதங்களில் அவளுடைய நோவு வெகுவாகத் தணிந்தது. முற்றாக அற்றுப்போகவில்லை, இன்றும் சில மாதங்களில் ஓரிரு நாட்கள் அவள் வருந்துவதுண்டு. இரண்டாம் முறை பரீட்சை எழுதிப் பல்கலைக்கழகம் புகுந்தாள். செல்லுமுன் எம்மிடம் விடைபெற வந்தபோது, அத்தவணை அறிக்கையைப் பற்றி நாம் வருத்தம் தெரிவித்தோம். அவள் சிரித்துவிட்டு, "நீங்கள் கேட்டிருந்தாலும் அப்ப எனக்குச் சொல்லத் தெரியாது, சேர்" என்றாள். எம்மை ஆற்றுதற்காகவே அவ்வாறு கூறினாள் போலும். ஆயினும் அதில் உண்மையுமுண்டு. சொல்லத் தெரியாத பிள்ளைக்கும், கேட்கத் தெரியாத ஆசிரியனுக்கும் இடையிலே ஓராண்டு வீணாயிற்று.

அந்த அறிக்கை அவள் வீட்டில் இன்னும் இருக்கின்றது. அதில் எமது கையொப்பமும் இருக்கின்றது. எழுதியதை அழிக்க இயலாது. இனி எழுதுவதைத் திருத்தலாம். ஆதலின் பெற்றோரே, ஆசிரியரே, அடுத்த முறை உங்கள் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுக்கும்போது "பொறு" என்று சொல்லுமுன், "எத்தனை நாளாய், எவ்விடத்தில், எவ்வளவு?" என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். விடையைக் கேட்டபின், அவளைக் கைப்பிடித்து வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். பொறுமை வேண்டிய இடங்கள் வாழ்க்கையிற் பலவுண்டு. இஃது அவற்றுள் ஒன்றன்று.